ஒன்றோ, பலவோ? — கணினியின் தெரிவுப் பட்டியல் பற்றி ஒரு தமிழாசிரியனின் கருத்து

விழா மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை வேண்டியபொழுது, தமிழாசிரியன் என்ற முறையில் சங்கப் புலவர் ஒருவரைப் பற்றியோ, சைவமும் தமிழும் வளர்த்த பெரியார் ஒருவரைப் பற்றியோ யான் எழுதுவேன் என எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுதுதற்கு என்னினும் தக்கார் பலர் நம் பழைய மாணவருள் உளர். யான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கணினித் திரையில் உள்ள ஒரு சிறு பெட்டியைச் சுட்டியால் அழுத்தியவுடன் அதன்கீழ் விரிகின்ற தெரிவுப் பட்டியலைப் பற்றியது அது. ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தெரிவு செய்ய வேண்டிய இடத்தில் அப்பட்டியல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே என் வினா. பயிற்றப்பட்ட தமிழாசிரியன் ஒருவனுக்கும் கணினிப் பட்டியலுக்கும் என்ன உறவு என அன்பர்கள் கேட்கலாம். நம் பழைய மாணவர் பதிவேடே அவ்வுறவை உண்டாக்கிற்று.

விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் பணி தொடங்கியபோது, அதனை மேற்பார்வை செய்யும் பொறுப்பு என்மேல் விழுந்தது. வெளியார் ஒருவரிடம் பெற்ற மென்பொருள் ஒன்று அதற்கெனப் பயன்படுத்தப்பட்டது. பெயர், பிறந்த ஆண்டு, கற்ற காலம் என்பவற்றின் பின்னர், ‘கல்லூரியில் ஈடுபட்ட துறை’ என்றொரு கேள்வி. அதன் பக்கத்துப் பெட்டியை அழுத்தினால் துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், மெய்வல்லுநர், சாரணர், நாடகம், தமிழ் மன்றம், இந்து இளைஞர் மன்றம், விவாதம், வாத்திய அணி என ஒன்பது துறைகள் கீழே விரியும். ஒன்றைத் தொட்டதும் பட்டியல் மூடிக்கொள்ளும். வேறொன்றைத் தொட்டால் முன்னையது மறைந்து பின்னையது நிற்கும்.

ஒருநாள், எண்பது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற அஞ்சலதிபர் ஒருவர் பதிவு மேசைக்கு வந்தார். தாம் சாரணராக இருந்ததையும், உதைபந்தாட்ட அணியில் ஆடியதையும், நாடகத்திலே பெண்வேடம் புனைந்ததையும் மகிழ்ச்சியோடு சொன்னார். விசைப்பலகையின் முன்னிருந்த மாணவன், “ஐயா, இதிலே ஒன்றைத்தான் தெரியலாம்” என்றான். பெரியவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்படியென்றால் நாடகம் என்று போடு, தம்பி” எனக் கூறி எழுந்து சென்றார். இரண்டு மாதங்களின் பின், பழைய சாரணர் ஒன்றுகூடலுக்கு அழைப்பு அனுப்புவதற்காகக் கணினியிலிருந்து பெயர்களை எடுத்தோம். அப்பெரியவரின் பெயர் அதில் இல்லை. அவர் காலத்துச் சாரணர் குழுவின் நிழற்படங்களை இன்றுவரை பேணி வைத்திருப்பவர் அவரே என்பதை ஒன்றுகூடல் முடிந்த பின்னரே அறிந்தோம். அவர் எவரிடமும் குறை கூறவில்லை. எனக்கோ வெட்கமாயிருந்தது.

இங்கே தவறு செய்தவர் யார்? மாணவன் அல்லன், இருந்ததை அவன் சொன்னான். பெரியவரும் அல்லர், கேட்டதற்கு விடை கூறினார். மனிதர் ஒருவருக்கு ஒரே ஈடுபாடுதான் உண்டு என்று, அவரைக் காணாமலே, முன்கூட்டித் தீர்மானித்த பட்டியலே தவறு செய்தது. அத்தீர்மானத்தைச் செய்தவர் அதனை ஒரு தீர்மானமாகவே எண்ணியிருக்கமாட்டார் என்பதுதான் கவலைக்குரியது. எனவே யான் வற்புறுத்த விரும்புவது இதுவே: பட்டியல் ஒன்றை அமைக்குமுன், இக்கேள்வியின் விடை ஒன்றோ பலவோ என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். பலவாயின், அப்பலவற்றையும் தெரிபவர் தம் கண்ணாற் காணுமாறு பட்டியலை அமைத்தல் வேண்டும்.

இவ்வகைப் பட்டியல் ஒன்றையே ஏற்கும் இயல்புடையதாய் ஏன் அமைந்தது என்பதை அறிந்துகொள்ளல் நன்று. 1981ஆம் ஆண்டில் செரொக்ஸ் நிறுவனம் ‘ஸ்ரார்’ என்னும் கணினியையும், 1983ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் ‘லிசா’ என்பதையும், 1984ஆம் ஆண்டில் ‘மக்கின்ரோஷ்’ என்பதையும் வெளியிட்டன. சுட்டியும் சாளரங்களும் கட்டளைப் பட்டியல்களும் கொண்ட திரை அவற்றின் வழியே பரவலாயிற்று. அப்பிள் கணினிகளில் திரையின் மேல்விளிம்பிலிருந்து கீழே இறங்கிய பட்டியல்கள் ‘திற’, ‘அச்சிடு’, ‘மூடு’ என்பன போன்ற கட்டளைகளைக் கொண்டவை. கட்டளையை ஒருமுறைக்கு ஒன்றாகவே இடுகிறோம். ஆதலின், ஒன்றைத் தெரிந்தவுடன் பட்டியல் மூடிக்கொள்வது அங்கே முற்றிலும் பொருத்தமாகும். ஆனால், அதே தோற்றமுள்ள பட்டியலைப் படிவத்தின் கேள்விக்கு விடை பெறுதற்கும் பயன்படுத்தும்போது, கட்டளைக்குரிய வழக்கம் விடைக்கும் ஒட்டிக்கொள்கிறது. அச்சிடுதலையும் மூடுதலையும் ஒருங்கே செய்ய எவரும் விரும்பார். சாரணராகவும் நடிகராகவும் ஒருங்கே இருந்தோர் பலர்.

இவ்வேறுபாடு தமிழ் இலக்கணம் கற்றோர்க்குப் புதியதன்று. ‘இவர்களுள் இவரே செயலாளர்’ என்னும்போது வரும் ஏகாரம் பிரிநிலைப் பொருளது. பலருள் ஒருவரைப் பிரித்து, ஏனையோரை விலக்குகிறது. ‘சாரணமும் நாடகமும் உதைபந்தாட்டமும்’ என்னும்போது வரும் உம்மை எண்ணும்மை. ஒன்றைச் சேர்ப்பதனால் மற்றொன்று விலகாது. ‘ஒன்பதும்’ என்பது முற்றும்மை. எதுவும் எஞ்சவில்லை என உணர்த்துவது. எமக்கு வாய்த்த பட்டியல் ஏகாரத்தை மாத்திரமே அறிந்திருந்தது. பெரியவரோ உம்மையிற் பேசினார்.

கணினித் திரையிலும் இவ்விரண்டிற்கும் வெவ்வேறு உருவங்கள் நெடுங்காலமாக உள்ளன. ஒன்றையே ஏற்பது வட்டவடிவமான வானொலிப் பொத்தான். பழைய மோட்டார் வண்டிகளிலிருந்த வானொலிப் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்த, முன்னர் அழுந்தியிருந்தது வெளியே துள்ளிவரும். அதனை நம் மூத்த பழைய மாணவர் பலர் கண்டிருப்பர். அப்பெயர் அதிலிருந்து வந்ததே. பலவற்றை ஏற்பது சதுரவடிவமான சரியடையாளப் பெட்டி. சதுரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்பவை. ஒன்றில் அடையாளமிடுதல் மற்றொன்றை அழிப்பதில்லை. மூடிய நிலையிலுள்ள கீழ்விரி பட்டியலிலோ வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. அது ஒன்றை ஏற்குமா பலவற்றை ஏற்குமா என்பது அதன் முகத்தில் எழுதப்படவில்லை. குழப்பத்தின் வித்து இதுவே.

‘ஒன்றோ பலவோ’ என்பது சிறு பிரச்சினையெனக் கருதுவோர், கணினித் திரைக்கு வெளியே நடந்த ஒரு பெரிய நிகழ்ச்சியை நோக்குக. ஐக்கிய அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பீட்டுப் படிவம், ஒருவர் எந்த இனத்தவர் என்ற கேள்விக்கு ஒரு வட்டத்தை மாத்திரமே நிரப்பச் சொல்லிற்று. தந்தை ஓரினம், தாய் ஓரினம் என்ற நிலையில் உள்ளோர் தம் பெற்றோருள் ஒருவரைக் கைவிட்டே விடையளிக்க வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டிலேதான் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றைக் குறிக்கலாம் என்று படிவம் முதன்முறையாக இடமளித்தது. ஏறத்தாழ 68 இலட்சம் மக்கள், அதாவது மொத்தக் குடித்தொகையில் 2.4 வீதத்தினர், ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் குறித்தனர். அம்மக்கள் அவ்வாண்டிலே திடீரெனத் தோன்றியவர்கள் அல்லர். அவர்கள் தம் உண்மையை எழுதுதற்குப் படிவத்தில் அப்பொழுதுதான் இடம் பிறந்தது.

நிற்க, எல்லாக் கேள்விக்கும் பல விடைகளை ஏற்கும் பட்டியல் வேண்டும் என்று யான் கூறவில்லை. பிறந்த ஆண்டு ஒன்றே. குருதி வகை ஒன்றே. அங்கே இரண்டை ஏற்கும் பட்டியல் பிழையை வரவேற்கும் பட்டியலாகும். இன்னொரு சாரார், ஒன்றையே தெரியச் சொல்வதனால் மனிதர் சிந்தித்து விடையளிப்பர் என்றும், பலவற்றுக்கு இடமளித்தால் கண்டபடி எல்லாவற்றிலும் அடையாளமிட்டுச் செல்வர் என்றும் வாதிப்பர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. அதற்குப் பரிகாரம் இரண்டு கேள்விகளைக் கேட்பது. ‘எவ்வெவற்றில் ஈடுபட்டீர்?’ என்பது பலவற்றை ஏற்கட்டும். ‘அவற்றுள் முதன்மையானது எது?’ என்பது ஒன்றையே ஏற்கட்டும். முதன்மையை அறியும் பொருட்டு ஏனையவற்றை அழித்தல் முறையன்று.

இனி, பலவற்றை ஏற்கும் பட்டியல் அமையவேண்டிய முறையை நோக்குவோம். கொழும்பிலே மென்பொருள் துறையிற் பணிபுரியும் என் பழைய மாணாக்கன் ஒருவன் எம் பதிவேட்டைத் திருத்தித் தர முன்வந்தான். அவன் முதலிற் செய்த திருத்தம், கொன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே ஒவ்வொன்றாகத் தெரியும் முறை. விண்டோஸ் கணினிகளில் நெடுங்காலமாக உள்ள முறையே அது. ஆயினும், திரையைப் பார்த்து அதனை ஊகித்தறிய வழியில்லை. அறிந்தவரும், விரல் சற்றே நழுவி, விசையின்றி ஓரிடத்தை அழுத்திவிட்டால், முன்னர்த் தெரிந்த யாவும் ஒருங்கே அழிந்துபோகும். பட்டியல் நீண்டு மேலும் கீழும் நகருமாயின், அழிந்தது கண்ணிற் படாமலும் போகும். பதிவு மேசையிலிருந்த அறுபது வயதுத் தொண்டர்கள் ஒரே நாளில் இதனால் இடர்ப்பட்டனர். “சேர், இது கணினி படித்தவர்களுக்குத்தான் சரி” என்று என் மாணாக்கனே ஒப்புக்கொண்டான்.

இரண்டாம் திருத்தத்தில் ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் சரியடையாளப் பெட்டி தோன்றிற்று. இது நல்ல முன்னேற்றமே. சதுரத்தைக் கண்டவுடன், பலவற்றைத் தெரியலாம் என்பதை எவரும் உணர்வர். ஆயினும் ஒவ்வோர் அடையாளத்தின் பின்னும் பட்டியல் மூடிக்கொண்டது. மூன்று துறைகளைத் தெரிய மூன்று முறை திறக்க வேண்டியதாயிற்று. முதல் அடையாளத்தோடு வேலை முடிந்ததெனப் பலர் அடுத்த கேள்விக்குச் சென்றுவிட்டனர். எண்ணும்மைக்குரிய இடத்தில் இன்னும் ஏகாரத்தின் பழக்கம் எஞ்சியிருந்தது. தெரிபவர் போதுமென்று சொல்லும்வரை பட்டியல் திறந்தே நிற்றல் வேண்டும் என்பதை அன்று தெளிந்தோம்.

இவ்வழியிற் சென்ற பெருநிறுவனமும் உண்டு. மைக்குரோசொப்ற் நிறுவனத்தின் எக்செல் மென்பொருளை நம் அலுவலகங்கள் அனைத்திலும் காணலாம். அட்டவணையின் தலைப்பிலுள்ள அம்புக்குறியை அழுத்தி, வேண்டிய பதிவுகளை மாத்திரம் வடித்தெடுக்கும் வசதி அதில் உண்டு. 2003ஆம் ஆண்டுப் பதிப்பு வரையில், அங்கு விரியும் பட்டியலில் ஒரு பெறுமானத்தையே தொட இயலும். மேலும் வேண்டின் வேறொரு படிவத்தைத் திறந்து நிபந்தனைகளை எழுதுதல் வேண்டும், அதுவும் இரண்டு மாத்திரமே. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒவ்வொரு பெறுமானத்தின் பக்கத்திலும் சரியடையாளப் பெட்டியும், தலையில் ‘அனைத்தும்’ என்ற பெட்டியும், அடியில் சம்மதம் தெரிவிக்கும் பொத்தானும், விலகிக்கொள்ளும் பொத்தானும் அமைந்தன. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் நீண்ட பட்டியலுள் தேடுதற்கு ஒரு பெட்டியும் சேர்ந்தது. தேவையறிந்து செய்த நல்ல மாற்றங்கள் இவை. தேடும் வசதியை அமைப்போர் ஒன்றை நினைவிற் கொள்க: தேடும்போது கண்ணுக்கு மறையும் வரிகளில் முன்னர் இட்ட அடையாளங்கள் மறைந்தே இருக்கலாம், அழிந்துவிடலாகாது.

பட்டியல் மூடிய பின்னர் என்ன தெரிதல் வேண்டும் என்பது அடுத்த வினா. ‘3 தெரிவு செய்யப்பட்டன’ என்று எண்ணிக்கையை மாத்திரம் காட்டுவது சில மென்பொருள்களின் வழக்கம். எந்த மூன்று என்பதை அறிய மீண்டும் திறக்க வேண்டும். திறவாதவர் பிழையைக் காணார். இடமுள்ளவரை பெயர்களையே காட்டுதல் நன்று. இடம் போதாதபோது, ‘சாரணர், நாடகம், மேலும் 1’ எனக் காட்டலாம். எச்சவும்மைபோல, சொல்லாதது ஒன்று உண்டு என்பதையாவது அது உணர்த்தும். அன்றியும், சிறு சதுரத்தை மாத்திரமன்றி அதன் பக்கத்துச் சொல்லை அழுத்தினாலும் அடையாளம் விழுதல் வேண்டும். நடுங்கும் கைகளுக்கு அது பேருதவி. சுட்டியைப் பயன்படுத்த இயலாதோர் அம்புவிசையால் நகர்ந்து, இடைவெளிவிசையால் அடையாளமிட வழியிருத்தலும் அவசியம்.

எதிலும் அடையாளமிடாது விடுதல் எதனைக் குறிக்கும் என்பதையும் தீர்மானித்தல் வேண்டும். எதிலும் ஈடுபடவில்லை என்பதா, கேட்கப்படவேயில்லை என்பதா? இவ்விரண்டும் ஒன்றல்ல. எமது பட்டியலில் ‘எதிலும் ஈடுபடவில்லை’ என ஒரு வரியைச் சேர்த்தோம். அதில் அடையாளமிட்டால் ஏனையவை நீங்கும். ஏனையவற்றுள் ஒன்றில் இட்டால் அது நீங்கும். உம்மைகளின் நடுவே ஏகாரம் இருக்கவேண்டிய ஓரிடம் அது.

திரையில் பலவற்றை ஏற்றாற் போதாது. அவற்றைச் சேமிக்கும் முறையும் நேராயிருத்தல் வேண்டும். ஒரே கலத்தினுள் ‘சாரணர், நாடகம்’ எனக் காற்புள்ளியிட்டு எழுதிவைப்பதே எளிய வழியெனப் பலர் கருதுவர். அப்படிச் செய்தால், ‘சாரணர், நாடகம்’ என்பதும் ‘நாடகம், சாரணர்’ என்பதும் கணினிக்கு இருவேறு விடைகள். சாரணர் எத்தனை பேர் எனக் கேட்டால் நேரான விடை வாராது. ஐ.பீ.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த எட்கர் கொட் என்பார், 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், தரவுகளை எளிய அட்டவணைகளாக வகுத்து, ஓரிடத்தில் ஒரு பெறுமானத்தையே வைக்கும் நெறிக்கு அடிகோலினார். அந்நெறிப்படி, மனிதருக்கு ஓர் அட்டவணை, துறைகளுக்கு ஓர் அட்டவணை, எவர் எதில் ஈடுபட்டார் என்பதற்கு மூன்றாவது அட்டவணை என வகுத்தல் தகும். மைக்குரோசொப்ற் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் அக்செஸ் மென்பொருளில் பல பெறுமானங்களை ஏற்கும் பட்டியலைப் புகுத்தியபோதும், வெளியே ஒரே பெட்டியாகக் காட்டி, உள்ளே மறைவான அட்டவணைகளில் அவற்றைப் பிரித்தே வைத்தது. மூன்று துறைகளில் ஈடுபட்ட பெரியவருக்கு மூன்று வரிகள். சாரணர் பெயர்களைக் கேட்கும்போது அவர் வருவார். நாடகத்தைக் கேட்கும்போதும் வருவார்.

இத்தனைக்கும் பின்னர் என் மாணாக்கனிடம் ஒன்று கேட்டேன்: ஒன்பது துறைகளை ஏன் மறைத்து வைத்துத் திறந்து காட்டவேண்டும்? கீழ்விரி பட்டியலின் பயன் திரையில் இடத்தை மிச்சப்படுத்துவது. எமது திரையில் இடம் நிறைய இருந்தது. அவன் சிரித்துவிட்டு, ஒன்பதையும் மூன்று நிரல்களாகத் திரையிலேயே விரித்து, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சதுரத்தை வைத்தான். அதன்பின் எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சிறு பட்டியலை மறைக்க வேண்டியதில்லை. நாடுகள், தொழில்கள் என்பவை போல நீண்டவற்றுக்கே கீழ்விரி பட்டியல் வேண்டும். அவற்றுக்கே மேற்கூறிய விதிகளும் வேண்டும்.

நம் கல்லூரியிற் கற்ற இளைஞர் பலர் இன்று உள்நாட்டிலும் கடல்கடந்த நாடுகளிலும் மென்பொருள் ஆக்கும் தொழிலில் இருக்கின்றனர். மருத்துவமனைக்கும் வங்கிக்கும் பாடசாலைக்கும் வேண்டிய படிவங்களை அவர்கள் அமைக்கின்றனர். இரண்டு நோய்கள் உள்ளவர், இரண்டு பாடங்களைக் கற்பிக்கும் ஆசிரியர், இரண்டு மொழிகளை வீட்டிற் பேசும் பிள்ளை ஆகியோர் அப்படிவங்களின் முன் வந்து அமர்வர். பட்டியல் ஏற்காத விடை எண்ணிக்கையில் இடம்பெறாது. எண்ணிக்கையில் இடம்பெறாத தேவைக்கு எவரும் ஆவன செய்யார். ஆதலின், அவ்விளைஞர்கள் பெட்டி ஒன்றைத் திரையில் வைக்குமுன், ‘இது ஒன்றோ, பலவோ?’ எனத் தம்மைத் தாமே ஒருமுறை வினவுவாராக. இப்பழைய மாணவர் மலரின் வாயிலாக அவர்களிடம் யான் வேண்டுவது இதுவொன்றே.

பதிவேடு திருந்திய பின்னர், அப்பெரியவரின் இல்லத்துக்கு மாணவனையும் அழைத்துச் சென்று, அச்சிட்ட அவருடைய பதிவைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை அணிந்து, உதைபந்தாட்டம், சாரணர், நாடகம் என மூன்றையும் விரலால் தொட்டு வாசித்தார். பின்னர் உள்ளே சென்று, சாரணர் நிழற்படங்கள் அடங்கிய பழைய பெட்டியை எடுத்துவந்து மாணவனின் கையிற் கொடுத்தார். அப்படங்கள் இப்பொழுது நம் கல்லூரி நூலகத்தில் உள்ளன.